குறிப்பு என்றொரு கட்டம்

காலை ஆறு மணிக்கு
லால்பேட்டை மதகடியில்
சாக்குத் துணியால் பாசியைத் துடைத்தால்
எண் தெரியும்.
நாற்பத்து நாலு புள்ளி மூணு.
போனில் சொல்கிறேன்.
அந்தப் பக்கம் ஒருவர் திருப்பிச் சொல்லிவிட்டு
வைத்துவிடுகிறார்.
பத்து மணிக்குள் அது சென்னைக்குப் போய்விடும்,
தண்ணீருக்கு முன்னால்.

தென்காற்று ஊதினால் வீராணம்
சேத்தியாத்தோப்புப் பக்கம் சாய்ந்துகொள்ளும்.
யாரும் எடுக்காமலே
இரண்டு விரற்கடை குறையும்.
காற்று நிற்கும்வரை ஒரு பீடி.

கந்தகுமாரன் தில்லைக்கண்ணு
நாற்றங்காலில் நின்றபடியே கூப்பிடுவார்:
"இன்னிக்கு எவ்வளவுடா?"
சொன்னதும் கொஞ்ச நேரம் பேச்சில்லை.
"குழாய்க்கு எவ்வளவு?"
அது என் கோலில் இல்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த சித்திரையில்
ஏரி வறண்டு கிடந்தது.
மதகிலிருந்து இறங்கும் படிகளை எண்ணினேன்,
பதினொன்று.
கடைசிப் படியில் உட்கார்ந்து
செருப்பைத் தட்டிக்கொண்டேன்.

போன கோடையில் மறுபடி வறண்டது.
எட்டு.
ஒன்பதாவதைத் தேடிக் கம்பியை இறக்கினேன்.
முழங்கை ஆழத்தில்
ணங்கென்றது.

கோல் மாறவில்லை.
நாற்பத்தேழரை என்றால்
இன்றைக்கும் அது நிரம்பிய ஏரிதான்,
செய்தித்தாளில் கடல் மாதிரிப் படம் போடுவார்கள்.
அடியில் வண்டல்
வருஷத்துக்கொரு பாயாகப்
போட்டுப் படுத்துக்கொண்டிருப்பது
எந்த எண்ணிலும் வராது.

பதிவேட்டின் வலது ஓரத்தில்
குறிப்பு என்றொரு கட்டம்.
பத்தொன்பது வருஷமாக அதில்
'இல்லை' என்றே எழுதி வந்தவன்
அன்று எழுதினேன்:
மூன்று படிகளைக் காணவில்லை.

மூன்றாம் நாள் போன்.
உதவிப் பொறியாளர் கோமளவல்லி.
"யாருய்யா படியைத் திருடினது?
கருங்கல்லா? ஸ்டேஷன்ல எழுதிக் கொடுத்தாச்சா?"
"திருட்டு இல்லைம்மா.
உள்ளேதான் இருக்கு."
சிரித்தார்.
சிரிப்பு பாதியில் நின்றது.
கம்பி எத்தனை அடி போச்சு என்று கேட்டார்.
சொன்னேன். எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது,
அல்லது பேனாவை மூடும் சத்தம்.

ஆடியில் கீழணை திறந்தார்கள்.
வடவாற்றில் நுரையும் ஆகாயத்தாமரையும்
ஒரு ஒற்றைச் செருப்பும் வந்தன.
எட்டாம் படி, ஏழாம் படி.
முன்பெல்லாம் மாசக்கணக்கில் ஏறியது
இந்த முறை
சில வாரங்களில் கலிங்கைத் தொட்டது.

ஊரில் வெடி போட்டார்கள்.
தில்லைக்கண்ணு கூப்பிட்டார்,
குரலில் அப்படியொரு ஈரம்:
"எவ்வளவு சீக்கிரம் ரொம்பிடுச்சு பாத்தியா!"

ஆமாம், என்றேன்.
சீக்கிரந்தான்.