வெப்ராளம்

முதல் நாள் நடந்தது இவ்வளவுதான்:
விடியற்காலை நாலே முக்கால்,
குழித்துறைப் பாலத்தின் நடுவில் என் ரொட்டி வண்டி.
முன்னால் ஒரு தடிலாரி நின்றுவிட்டது.
கீழே மழைவெள்ளம், செம்மண் நிறத்தில்.
திடீரென்று நெஞ்சு
பலகையில் போட்ட மீன் மாதிரி அடித்தது.
விரல்கள் மரத்தன. செத்தேன் என்று நினைத்தேன்.
லாரி நகர்ந்தது. பாலம் முடிந்தது.
நான் சாகவில்லை.

மனசு எழுதிக்கொண்ட கணக்கு வேறு:
பாலத்தைவிட்டு வந்ததால் பிழைத்தாய்.

மறுநாள் அரை கிலோமீட்டர் முன்பே
வண்டியைத் திருப்பினேன்.
திருப்பிய அந்த நொடி, சொல்லத்தானே வேண்டும்,
என்ன ஒரு சுகம்.
தலைச்சுமையை யாரோ கைகொடுத்து இறக்கியது போல.
கள்ளுக்கு அலைந்த மாமனை
ஆயுசுக்கும் ஏசிய நான்
அந்தச் சுகத்துக்கு அலையத் தொடங்கினேன்.

அருமனைக் கடைகளுக்கு ஆற்றூர் வழி சுற்றினேன்.
டீசல் என் கைக்காசு.
போய்ச் சேர்ந்தது திருவட்டாறு.
ஆறு வளைத்துப் பிடித்திருக்கும் ஊரில்
பாலமில்லாத வழியை எவன் ஒளித்து வைத்திருக்கிறான்?
இரண்டாம் வாரம் அங்கேயும் மீன் துடித்தது.

மேல்புறம் லைனை சுஜினுக்குக் கொடுத்தேன்;
கேட்டவர்களிடம் இடுப்புவலி.
கருங்கல் பக்கம் மட்டும் போதும் என்றேன்.
அங்கே கால்வாய்.
கால்வாய்க்கு மேல், நாலு எட்டில் தாண்டும் ஒரு கலுங்கு.
முழங்கால் தண்ணீர்தான், வாத்துகூட நடந்து போகும்.
அதன் முன்னால் வண்டியை ஒதுக்கி
ஹாரன் அடிப்பவனுக்கெல்லாம் வழிவிட்டுக்கொண்டு நின்றேன்.
அக்கா மகளின் ஞானஸ்நானத்துக்குக் குலசேகரம் போகவில்லை.
டி.வி.யில் ஆற்றைக் காட்டினால் எழுந்து போனேன்.
ஒரு நாள் யாரோ, மணி ஆறு என்றார்கள்.
உள்ளங்கை வியர்த்தது.

றெஜிலா ஒன்றும் கேட்கவில்லை.
லைன் போனதில் குறைந்த பணத்துக்கு
வளையலைக் கழற்றி அடகு வைத்தாள்.

பேக்கரிக்குப் புதிதாக வரும் பையன்களிடம்
எத்தனை தடவை சொல்லியிருப்பேன்:
எடுத்த சூட்டுல ரொட்டிய வெட்டாத மக்களே,
பிஞ்சு போவும்.
கைய வைக்காத. சும்மா நில்லு. ஆறட்டு.

நான் ஒரு நாளும் நின்றதில்லை.
கொதிக்கும்போதே ஓடி ஓடி
கொதிப்பது மட்டும்தான் எனக்குத் தெரியும்.

நேற்று கலுங்கின் மேல் வண்டியை அணைத்தேன்.
சாவியை றெஜிலாவிடம் கொடுத்தேன்.
கேட்டாலும் தராதே.
கேட்டேன். தரவில்லை.
கெட்ட வார்த்தை சொல்லிக் கேட்டேன்.
அவள் பாக்கெட்டைப் பிரித்து
ஒரு ரஸ்க்கைக் கடித்தாள்.
சட்டை முதுகோடு ஒட்டியது.
மூச்சு எங்கோ தொண்டைக்குழியில் நின்றுகொண்டு
இறங்குவேனா என்றது.

பதினேழாம் நிமிடம்
தண்ணீரில் ஒரு செருப்பைப் பார்த்தேன்.
நீல வார். ஒற்றை.
சுழலில் மாட்டிச் சுற்றிக்கொண்டிருந்தது.
எவ்வளவு நேரமாக அது அங்கே?
அதைப் பார்க்கிற அளவுக்கு
எனக்குள் எங்கோ ஓர் இடம் காலியாகியிருந்தது.

குணமாகிவிட்டது என்று எழுதினால் பொய்.
இன்று காலையும் அதே கலுங்கு, அதே வெப்ராளம்,
பதினாலு நிமிடம்.
குழித்துறைப் பாலம்
இன்னும் அங்கேதான் நீளமாகக் கிடக்கிறது.
சுஜின் லைனைத் திருப்பித் தரமாட்டானாம்.
இரண்டு பாக்கெட் ரஸ்க்,
கணக்கில் எழுது என்கிறாள் றெஜிலா.