இடவப்பாதிக்கு முன்

எப்பம் பதியம் கட்டணும் என்று கேட்டு
பென்சிகர் மூன்றாம் தடவையும் வந்துவிட்டார்,
மார்த்தாண்டத்திலிருந்து பைக்கில்,
ஹெல்மெட்டுக்குள் ஒரு கட்டு பாலித்தீன் கவரோடு.

தேதி சொல்ல எனக்குத் தெரியாது.
நாலு மணிக்கு எழுந்து
குலசேகரம் தோட்டத்தில் முந்நூறு ரப்பருக்குப் பால்வெட்டுகிறவள்.
அந்நேரம் நெற்றி விளக்கு காட்டுகிறதுதான் உலகம்:
ஒரு பட்டை, ஒரு சாய்ந்த கோடு, ஒரு சிரட்டை.

இத்தியை வந்து பாரும்.
ஷீட் உறைய வைக்கிற அலுமினியத் தட்டு,
அடியில் ஆணியால் ஒன்பது ஓட்டை.
திற்பரப்புப் பக்கம் ஒரு பாலத்தின் கைப்பிடிச் சுவரில் பிடுங்கியபோது
தீக்குச்சி உயரம்.
பதினோரு வருஷத்தில் முழங்கை உயரம்.
தலை நல்ல தலை.
அதற்குக் கீழேதான் பிசகு:
ஒரு சாண் நீளத்துக்கு வளைவுமில்லை, கிளையுமில்லை,
மின்கம்பம் மாதிரி ஒரு தண்டு.
நடுவில் வேர் வந்தால்
தலை தன் காலில் நிற்கும்.

முதல் தடவை மாசியில் கட்டினேன்.
காரணம் மரத்தில் இல்லை.
மாசியில் ரப்பர் இலை கொட்டும், வெட்டு நிற்கும்,
கூலி நிற்கும், கை சும்மா இருக்கும்.
சும்மா இருந்த கை
இத்தியில் கூம்பு விரிகிற நேரம் பார்த்துப் பட்டையை உரித்தது.
செம்பு நிறத்தில் அப்போதுதான் பிறந்த இலைகள்
இருந்த பலத்தையெல்லாம் குடித்துக்கொண்டிருந்தன.
வேருக்கு என்ன மிஞ்சும்?

இன்னொரு தப்பும் உண்டு.
பத்தொன்பது வருஷமாக இந்தக் கைக்கு ஒரே கட்டளை:
தடியைத் தொடாதே.
பட்டைக்குள்ளே, தடியை ஒட்டி,
ஈரப் பச்சையாக ஒரு தோல், வெங்காயத் தோலிலும் மெலிசு.
அதில் கத்தி பட்டால் மரத்தில் முண்டு விழும்.
சூப்பர்வைசர் ஸ்டீபன்சன் விரலால் தடவிப் பார்த்துக்
கூலியில் பிடிப்பார்.
கை மறக்கவில்லை.
இத்தியிலும் அந்தப் பச்சையைப் பத்திரமாக விட்டுவைத்தது.
ஐம்பது நாள் கழித்துக் கட்டை அவிழ்த்தால்
வேர் ஒன்றுமில்லை.
மேல்பட்டையும் கீழ்ப்பட்டையும் பாலம் போட்டுச் சேர்ந்துகொண்டு
ஒன்றும் நடக்காத மாதிரி இருந்தன.

இந்த வருஷம் காத்திருந்தேன்.
பங்குனி போயிற்று.
சித்திரையில் இலை கரும்பச்சையாகித் தடித்து
மடக்கினால் காகிதம்போலச் சத்தம் போட்டது.
தோட்டத்தில் ரப்பருக்கெல்லாம்
மழைக்குப் பிளாஸ்டிக் பாவாடை கட்டத் தொடங்கினோம்.
கையில் தார் மணம் போகாத அந்த வாரம்,
இடவப்பாதிக்கு ஆறேழு நாள் இருக்க,
காற்றே வியர்த்த ஒரு மத்தியானம்
கத்தியோடு உட்கார்ந்தேன்.

இரண்டு வளையம்.
நடுவில் தண்டின் தடிமனைப்போல ஒன்றரைப் பங்கு.
பட்டை மோதிரமாகக் கழன்று வந்தது.
பால் வடிந்தது.
கீழே சிரட்டை இல்லை.
வடியட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்,
வாழ்க்கையில் முதல் தடவை.
நின்றதும் ஈரத்துணியால் துடைத்துப்
பச்சைத் தோலைச் சுரண்டினேன்.
கை பின்வாங்கிற்று.
மறுபடி சுரண்டினேன்,
கறகறவென்று, வெள்ளைத் தடி தெரிகிற வரை.
நனைத்துப் பிழிந்த தும்புத்தூள்,
பாவாடையில் மிஞ்சிய பிளாஸ்டிக்,
மேலும் கீழும் கட்டு.

மழை வந்தது.
ஆனிக் கடைசியில் பிளாஸ்டிக்குக்குள் வெள்ளையாக ஒரு நூல்.
அவிழ்க்கவில்லை.
வெள்ளை வேர் தொட்டாலே ஒடியும்.
ஆடி முடிய அது தவிட்டு நிறமாகிக் கிளைத்து
தன்னையே சுற்றத் தொடங்கியது.
நேற்று வாளால் அறுத்தேன்.

ஆகையால் பென்சிகர்,
ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய்
உம்முடைய இலையை மடக்கிப் பாரும்.
சத்தம் வந்தால் மட்டும் போதாது.
வெயிலும் ஈரமும் இனி இரண்டு மாசம் கூட நிற்குமா?
ஆவணியில் நான் துணியமாட்டேன்.

வேண்டுமானால் அந்த மின்கம்பத்தை எடுத்துக்கொள்ளும், தட்டு மட்டும் என்னுடையது.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று.
இத்தியைச் சுரண்டின மறுநாள் விடியலில்
முப்பத்திரண்டாம் மரத்தில் கத்தி தடி வரை இறங்கிவிட்டது.
கை எந்த மரமென்று கேட்கவில்லை.
உமக்கு அந்தக் கவலை இல்லை,
மருந்துக்கடையில் பில் போடுகிற கை.
அங்கே இப்போது புளியங்கொட்டை அளவில் ஒரு முண்டு.
ஸ்டீபன்சன் இன்னும் தடவவில்லை.