இரும்புக் கடைக்கு மேலே

மண்ணடியில் மூன்றாம் மாடி. கீழே இரும்புக் கடை:
ஆங்கிள், சேனல், தகடு, கட்டுக் கட்டாய்க் கம்பி.
வீடு மாறிய அன்று லுஹருக்கு நிற்க
கைப்பேசியில் திசைகாட்டியைத் திறந்தேன்.
முள் மூன்று சுற்று சுற்றி
கடைப் பக்கமே நின்றுவிட்டது.
"அதுக்கு இரும்பு மேலதான் ஈமான்"
என்றார் குத்தூஸ், பீரோவுக்கு முட்டுக் கொடுத்தபடி.

உத்தேசமாக ஒரு சுவரை மேற்கென்று வைத்துக்கொண்டோம்.
சுவருக்கு அந்தப் பக்கம் யார் வீட்டு டிவியோ.
இஷாவின் கடைசி ரக்அத்தில் தினமும்
ஒரு மருமகள் அழுதாள்.

நேரத்துக்குக் குறைவில்லை இந்தத் தெருவில்.
மூன்று பள்ளியின் பாங்கு
ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு வரும்.
அஸருக்குச் சரியாகக் கம்பி லாரியும் வரும்.
ஒரு கட்டு விழும், ஜன்னல் நடுங்கும்,
ஓதிய ஆயத்தை எங்கே விட்டேன் என்று தெரியாமல்
முதலிலிருந்து தொடங்குவேன்.
குழாயில் தண்ணீர் விடிகாலை மூன்றரைக்கு.
விளக்கெரிவதைப் பார்த்து
தஹஜ்ஜத் தொழுகிறவள் என்று பேர் வந்துவிட்டது எனக்கு.
குடம் பிடிக்க எழுந்தவள், அவ்வளவுதான்.

பதினோராம் நாள் கட்டிலை நகர்த்தித் துடைக்கையில்
தரையில் ஓர் அம்பு.
நகப்பூச்சில் வரைந்தது, மெரூன்,
என் சுண்டுவிரல் நீளம்.
நாங்கள் நிற்கிற சுவரைக் காட்டவில்லை அது.
ஒரு சாண் வலப்பக்கம் விலகி
பீரோவைக் காட்டியது.

முன்னால் இருந்தவர்கள் யார் என்று கேட்டதற்கு
"தேதி தவறாம வாடகை வந்துரும்மா"
என்றார் வீட்டுக்காரர் எத்திராஜுலு.

நகப்பூச்சோடு ஒளு கூடாது.
தொழுகை இல்லாத நாட்களில் பூசியிருப்பாள்.
அப்படி ஒரு நாளில், பாங்கு கேட்டும்
எழ வேண்டியிராத ஒரு மதியத்தில்,
குனிந்து இதை வரைந்திருப்பாள்.
யாருக்காக என்று தெரியவில்லை.
சரியாக வரைந்தாளா என்பதும்.

கத்திரி முடிகிற நாள், பகல் இரண்டு நாற்பத்தெட்டுக்கு
கஅபாவின் நேர் உச்சியில் சூரியன் நிற்குமாம்.
பள்ளியின் பலகையில் எழுதியிருந்ததை
குத்தூஸ் வந்து சொன்னார்.
மாப்புக் குச்சியோடு மொட்டைமாடி ஏறினேன்.
வடாம் காயப்போட்டிருந்த தேவகிருபை அக்கா
"இன்னாத்துக்கு இந்த வெயில்ல?" என்றாள்.
"நிழலுக்கு."
சிரித்துக்கொண்டே குச்சியை நிமிர்த்திப் பிடித்தாள்.
சாவியை நூலில் கட்டிச் சாய்வு பார்த்தேன்.

நிழல் துறைமுகத்தைப் பார்த்து விழுந்தது,
கிரேன்களின் பக்கம், குச்சியைவிடக் கொஞ்சம் குட்டையாக.
அதன் மேலேயே செங்கல் துண்டால் கோடு இழுத்தேன்.
கடலுக்கு முதுகு காட்டினால் மட்டும் போதாது,
இன்னும் கொஞ்சம் வலப்பக்கம் திரும்ப வேண்டும்.
கோட்டுக்கும் கைப்பிடிச் சுவருக்கும் உள்ள சாய்வை
இரண்டு விரலை விரித்து அப்படியே பிடித்துக்கொண்டு
மூன்று மாடிப் படியில்
எதையும் தொடாமல் இறங்கினேன்.

அம்பின் மேல் வைத்தேன்.
நூலளவு பிசகு இருந்தது.
என் விரலின் பிசகா, அவள் விரலின் பிசகா.

பீரோவை நகர்த்த நாலு பேர் வேண்டும்.
அதுவரைக்கும்
அதன் கண்ணாடியில் துப்பட்டியைப் போர்த்திவிட்டு
அஸருக்கு நின்றேன்.
கம்பிக் கட்டு விழுந்தது.
ஆயத்து மறந்தது.
முதலிலிருந்து,
ஒரு சாண் வலப்பக்கம்.