வான் பாயும் பிக்சல்

அறிவியல் நகரில் கரண்ட் போய் நாற்பது நிமிடம்.
மடிக்கணினியில் பதினொரு சதவீதம் மிச்சம்.
திரையில் ஒரு பிக்சல்.
நூற்றைம்பது மைக்ரோன் அகலம், அதே நீளம்:
இந்த வன்னியில் என்னுடையதென்று நான் சொல்லக்கூடிய
ஆகச் சிறிய காணி.
உறுதி கிடையாது.

கடலுக்கு அப்பால் ஒரு சின்குரோத்திரன் வளையம்.
அங்கே கதிர் பளிங்கில் பட்டுச் சிதறும்.
நடுவில் கொட்டும், நொடிக்குப் பத்துக் கோடி.
ஓரத்தில் சொட்டும், நொடிக்கு ஒன்று,
சிலவேளை அதுவும் இல்லை.
இரண்டையும் ஒரே படத்தில் கேட்கிறார்கள்.

கொட்டுவதா சொட்டுவதா, எது முக்கியம் என்று
மார்க்குஸிடம் கேட்டேன்.
சொட்டுவதில் புரதத்தின் மடிப்பு இருக்கிறது,
கொட்டுவதில் அதை அளக்கும் கோல் இருக்கிறது என்றார்.
‘இரண்டும்’ என்பதை
இவ்வளவு நீட்டிச் சொல்கிற மனிசன்.

முதல் வரைவில் கொள்ளளவியைப் பெருப்பித்தேன்.
கொட்டியது முழுக்கக் கொண்டது.
ஆனால் தனியே வந்த ஒரு போட்டன்
(சிலிக்கனில் அது இரண்டாயிரத்து இருநூறு இலத்திரன்)
விழுந்த இடத்தில் அலைகூட எழவில்லை.
இரைச்சலுக்குள் போய்விட்டது.

சிறிதாக்கினேன்.
ஒன்று கேட்டது, நகத்தால் சுண்டியது போல.
நடுவிலோ ஆயிரத்திலேயே நிரம்பிவிட்டது.
நிரம்பிய பிக்சல் பொய் சொல்வதில்லை.
‘இதற்கு மேல்’ என்று மட்டும் சொல்லும்.
அதன்பின் வந்தவர்கள் பற்றி
அதனிடம் பதிவில்லை.

வந்தவை என்று எழுதவேண்டும்.
அறிக்கையில் திருத்திவிட்டேன்.
இங்கே விடுகிறேன்.

மார்கழியில் இரணைமடு வான் பாய்ந்தபோது
பார்க்கப் போயிருந்தோம்.
என்னோடு ஏ.எல். படித்த தவபாலன்
வான்கதவடியில் கொப்பியோடு நின்றான்.
எந்தக் கதவு, எத்தனை அங்குலம், எத்தனை மணிக்கு.
“நிக்கிற தண்ணியை ஆரும் பாக்கலாம்.
போன தண்ணிக்குத்தான் என்னட்டைக் கணக்குக் கேப்பினம்.”
சனம் தண்ணீரைப் படமெடுத்தது.
நான் அவன் கொப்பியை எடுத்தேன்.

மூன்றாம் வரைவு:
குளம் சிறிதாகவே கிடக்கட்டும்.
நிரம்பும் தறுவாயில் ஒரு துலுசு திறக்கும்,
அளந்து ஒரு வாளி மின்னேற்றத்தை வெளியே விடும்,
எண்ணியில் ஒன்று கூடும்.
கொட்டுவது கொட்டியபடியே இருக்கும்.
கடைசியில் வாளிகளின் தொகை,
பிறகு அடியில் தங்கியது.
அந்தத் தங்கலில்
ஒரு போட்டன் தனியாகத் தெரியும்.

வாளி மட்டும் ஒவ்வொரு முறையும் ஒரே வாளியாக இருக்கவேண்டும்.
ஆயிரத்தில் ஒரு பங்கு பிசகினால்
இரண்டு இலட்சத்தில் இருநூறு வாளி காணாமற்போகும்.
காணாமற்போகும் என்பதை
இந்த ஊரில் சும்மா பாவிக்க முடியாது.
இழப்பு என்று மாற்றிப் பார்த்தேன்.
அதுவும் சரிவரவில்லை.

ஏ-ஒன்பது வீதியோரத்துக் கொட்டகையில்
நாளை எழுதும் பலகை ஒன்று இருக்கிறது.
காலையில் யாரோ ஒரு தாய் பழைய இலக்கத்தை அழித்து
ஒன்று கூட்டி எழுதுகிறாள்.
ஆணைக்குழுக்கள் வரும்.
அவர்களுடைய தாள்களில் ‘சுமார்’ இருக்கும்.
பலகையில் அந்தச் சொல்லை நான் ஒருநாளும் கண்டதில்லை.
பஸ் அங்கே நிற்பதில்லை, மெதுவாகும்.
அதற்குள் வாசித்துவிடுவேன்.

ஒன்பது பத்துக்கு மாதிரி ஓட்டம் முடிந்தது.
ஓரத்துப் பிக்சல்: ஒன்று.
நடுப் பிக்சல்: இரண்டு இலட்சத்துப் பதின்மூவாயிரத்து நானூற்றாறு வாளி,
மிச்சம் ஏழு.

மிச்சத்தை முழுதாக்கலாமா என்று மென்பொருள் கேட்டது.
எப்போதும் கேட்கும்,
எல்லோரும் ஆமென்று அழுத்துவார்கள்,
பத்துக் கோடியில் ஏழு என்ன.

வேண்டாம் என்றேன்.

எதிர் விடுதியில் பெடியள் கூவிய பிறகுதான்
கரண்ட் வந்தது தெரிந்தது.
பதினொன்று மூன்றாகியிருந்தது.
சார்ஜரைச் செருகினேன்.