வலுவிழக்கும்

மாலை ஆறு ஐம்பதுக்கு
மீனவர்களுக்கான வானிலை.
கோடைக்கானலில், ஏழாயிரம் அடிக்கு மேலே உட்கார்ந்து
கடலைப் பற்றி நான்தான் வாசிப்பேன்.

அறையின் தெற்கே பெரிய கண்ணாடி.
அதற்கு அப்பால் கோபுரம் இருக்கிறது என்பார்கள்.
நவம்பரில் வேலியே தெரியாது.
"பார்வைத் தொலைவு ஐந்து கடல் மைல்" என்று
மூடுபனிக்குள் இருந்துகொண்டு சொல்வேன்.

தாள் சென்னையிலிருந்து வரும்.
மன்னார் வளைகுடா, குமரிக்கடல்,
லட்சத்தீவு, அதையொட்டிய தென்கிழக்கு அரபிக்கடல்.
தெருவும் கதவும் இல்லாத ஊர்கள்.
மணிக்கு நாற்பத்தைந்து முதல் ஐம்பத்தைந்து கிலோமீட்டர்,
இடையிடையே அறுபத்தைந்து.
அந்த இடையிடையேவில்தான்
படகு கவிழும் என்றார் நம்புச்செல்வம்.

பாம்பன்காரர்.
நேயர் நேரத்தில் அழைத்தவர்
பாட்டு எதுவும் கேட்கவில்லை.
"அறிவுறுத்தப்படுகிறார்கள்னு முடிக்கிறீங்களே,
அதுக்குள்ள ரெண்டு அலை வந்துரும்.
காத்து எந்தப் பக்கம்னு மொதல்ல சொல்லுங்க.
எண்ணை ரெண்டு தரம் சொல்லுங்க.
இஞ்சின் சத்தத்துல
நாப்பதும் நாப்பத்தஞ்சும் ஒண்ணாத்தான் கேக்குது."

அன்றிலிருந்து இரண்டு தரம்.
நேரம் நீள்கிறதே என்றார் மேலாளர்.
பன்னிரண்டு விநாடி, சார்.
சோப்பு விளம்பரத்தில் பாதிகூட இல்லை.

மாதத்தில் ஆறு நாள் எனக்குப் பணி, தற்காலிகம்.
மீதி நாள் மூஞ்சிக்கல்லில் ஜெராக்ஸ் கடை.
கடலைப் பார்த்தது ஒரே முறை,
பேருந்து வளைவதற்குள்.

அந்தப் புதன்கிழமை தாள் நீளமாக இருந்தது.
எந்தத் துறைமுகத்தில் எத்தனையாம் எண் கூண்டு
என்பதற்கே அரைப் பக்கம்.
கடைசி வரி:
புயல் நள்ளிரவில் கரையைக் கடந்து
மேற்கு நோக்கி நகர்ந்து
படிப்படியாக வலுவிழக்கும்.
நிறுத்தி, தெளிவாக, நன்றாகவே வாசித்தேன்.
மேற்கு என்றால் நாங்கள்.
வாசிக்கும்போது அது தோன்றவில்லை.

எதன் மேல் விழுந்து வலுவிழக்கும் என்று
தாளில் போடுவதில்லை.
வில்பட்டியின் பேரி மரங்கள் மேல்.
பூண்டு தொங்கிய பரண்கள் மேல்.
பைன் மரங்கள் வரிசையாக,
பெயர் கூப்பிட்டது போல, ஒவ்வொன்றாக.
இங்கே கூண்டு ஏற்றக் கம்பமும் கிடையாது.

காலை ஒலிபரப்புக்காக நிலையத்திலேயே தங்கியிருந்தோம்,
நானும் பொறியாளர் குழந்தைராஜும்.
ஐந்தரை வரை வடக்கிலிருந்து அடித்தது.
பிறகு, யாரோ கையமர்த்தியது போல, நின்றது.
முடிந்தது என்று அவர் ஜெனரேட்டருக்கு டீசல் எடுக்கப் போனார்.
நான் காலை வானிலைத் தாளைத் தேடினேன்.
வரவில்லை. வராது.

பழைய கறுப்புத் தொலைபேசி மட்டும் அடித்தது.
"அம்மா, படகெல்லாம் குந்துகால்ல பத்திரமா இருக்கு.
எங்களுக்கு நாலு ஓடுதான் போச்சு.
அங்க எப்படி?"
நின்றுவிட்டது என்றேன்.
"அதுக்கு முன்ன எந்தப் பக்கம்?"
வடக்கு.
எதிர்முனையில் மூச்சு மட்டும் கேட்டது.
"அப்ப கண்ணு ஒங்க தலைக்கு மேல நிக்கிது.
பாதிதான் முடிஞ்சிருக்கு.
இனி தெக்கேருந்து வரும்.
தெக்குப் பக்கம் இருக்காதீங்க.
ரெண்டு மணி நேரம்.
ரெண்டு மணி நேரம்."

டீசல் கேனோடு ஓடி வந்தார் குழந்தைராஜ்.
இசைத்தட்டு அலமாரியைத் தள்ளி
நடைக்கதவை அடைத்தோம்.
தரையில் உட்கார்ந்தோம். வந்தது.

வெளிச்சம் வந்தபோது கண்ணாடி இல்லை.
கோபுரம் இருந்தது, அடி முதல் நுனி வரை.
எனக்குத் தெரிந்து நவம்பரில் முதல் முறையாக.
அதன் பின்னால்,
மரங்கள் மறைத்திருந்த இடத்தில்
அவ்வளவு பெரிய வானம்.

ஒன்றே முக்கால் மணி நேரம்தான் அடித்தது.
கால் மணி பிழை.
அதை நம்புச்செல்வத்திடம்
இன்னும் சொல்லவில்லை.