காற்புள்ளி

வூஜ் நகரத்து மருத்துவமனையின் நிலவறை.
மருந்தகத்துக்கு ஜன்னல் கிடையாது.
மேலே பனி கொட்டுகிறது என்பதை
டிராமின் சத்தம் அமுங்கிப்போனதை வைத்துத்தான்
தெரிந்துகொள்ள வேண்டும்.

தெக்லா வெள்ளை அங்கிக்கு மேல்
சிவப்பு மேலாடை ஒன்றை மாட்டுகிறாள்.
கை இல்லாதது, அழகில்லாதது,
சாலை போடுகிறவர்கள் அணிவது போல ஒன்று.
முதுகில் மூன்றே சொல்:
மருந்து அளக்கிறேன். பேசாதீர்கள்.

இதே தெக்லாவை
ஆறு கைக்காரி என்றார்கள் ஒரு காலத்தில்.
நம் பக்கமாக இருந்தால்
அட்டாவதானி என்று பொன்னாடை போர்த்தியிருப்போம்.
தோளுக்கும் காதுக்கும் நடுவே தொலைபேசி,
இடது கையில் இருப்புப் பட்டியல்,
வலது கையில் ஊசிக்குழல்,
பல்லிடுக்கில் பேனா மூடி,
கண் மட்டும் கணினியில்.
அங்கே இருபத்திரண்டு கடிதங்கள்,
எல்லாவற்றின் நெற்றியிலும் 'அவசரம்'.
பாராட்டுச் சான்றிதழ்கூடக் கொடுத்தார்கள்.
அதன் கண்ணாடிக்குள் இப்போது ஈரம் பூத்திருக்கிறது.

மூன்று வருடம் முந்திய நவம்பர்.
கணக்குப் பிரிவிலிருந்து போனில் கேட்கிறார்கள்:
கையுறைப் பெட்டி எத்தனை வந்தது?
ஏழு, என்றது வாய்.
ஏழு, என்று எழுதியது கை.
எழுதவேண்டியிருந்தது
பூச்சியம் தசமம் ஏழு.

அந்த ஊரில் தசமத்துக்கு முழுப்புள்ளி வைப்பதில்லை.
காற்புள்ளிதான்.
வாக்கியத்தின் நடுவே மூச்சுவிட
நாம் வைக்கிறோமே, அதே.
நம் எழுத்தில்
தலைமேல் புள்ளி ஏறினால் உயிர் இறங்கிவிடும்,
மெய் மட்டும் மிஞ்சும்.
அங்கே
புள்ளி விழாமல் போனாலே போதும்.

குழந்தைகள் பிரிவில் யாகோதா
ஊசிக்குழலைப் பார்த்துச் சிரித்தாள்:
"என்ன, குதிரைக்கா?"
பிறகு சிரிப்பை நிறுத்தினாள்.
பிறகு லிப்டுக்குக் காத்திராமல்
படியிறங்கி ஓடிவந்தாள்.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.
அந்த ஒரு வாக்கியத்தைத் தெக்லா
இன்றுவரை முழுதாகச் சொல்லி முடித்ததில்லை.

இன்றைக்கு இக்னாட்சி.
நான்கு வயது.
பன்னிரண்டு கிலோ, இருநூறு கிராம்.
காலுறையோடு நிறுத்தார்களா,
கழற்றிவிட்டா?
கேட்டு எழுதி வைத்திருக்கிறாள்.

தொலைபேசி அடிக்கிறது. அடிக்கட்டும்.
கதவுக்கு வெளியே ஓர் இருமல்,
சளிக்காக வந்ததல்ல,
நான் நிற்கிறேன் என்று சொல்ல வந்தது.
ஆண்டு அட்டவணை நண்பகலுக்குள் என்று
இயக்குநர் மூன்றாம் முறை.
திரையில் ஒரு மூலை சிவந்து சிவந்து அணைகிறது.
கூட வேலை செய்கிறவன் விடுப்பில்.

மறுபடி மணி.
அது மூன்றாம் மாடியாக இருக்கலாம்.
இடுப்பெலும்பு முறிந்த வாட்ஸ்வாஃப்
வலி மருந்துக்குக் காத்திருக்கிறார்.
அவர் வலியும் வலிதான்.
இந்தப் பதினொரு நிமிடமும்
அது அவரைக் கடித்துக்கொண்டிருக்கும்.
தெரிந்தேதான் எடுக்காமல் இருக்கிறாள்.
'முதலில் இது' என்பதற்கு ஒரு விலை உண்டு.
பெரும்பாலும் அதை
வேறு யாரோதான் கட்டுகிறார்கள்.

பூச்சியம்.

காற்புள்ளி.

இங்கே நிற்கிறாள்.
குளிர்பெட்டி முனகுவது கேட்கிறது.
தன் மூச்சு கேட்கிறது.

ஆறு.

மீண்டும் ஒரு தடவை,
இம்முறை கீழிருந்து மேலாக.
அதே ஆறு.

சீட்டு ஒட்டி, பெட்டியை மூடி,
மேலே அனுப்பிவிட்டு
சிவப்பைக் கழற்றி ஆணியில் மாட்டுகிறாள்.
எடுக்காத அழைப்புகள் ஒன்பது.
பாழான சீட்டு ஒன்றின் முதுகில்
அத்தனையும் எழுதுகிறாள், வந்த வரிசையில்.
பிறகு வேறு வரிசையில் எண் போடுகிறாள்.
ஒன்று, மூன்றாம் மாடி.
ஆறு, இயக்குநர்.
இரண்டுக்கு எண்ணே போடவில்லை.
தேநீர் ஆறிக் கிடக்கிறது.
அதற்கும் எண் இல்லை.

"மூன்றாம் மாடியா?
தாமதமாகிவிட்டது, தெரியும். சொல்லுங்கள்."
தொலைபேசியைக் கையில் பிடித்திருக்கிறாள்.
தோள் சும்மா இருக்கிறது.