காதுக்குறி

இரண்டாயிரத்து நாற்பத்தெட்டு பைட்.
இனாரி ஏரிக்கு வடக்கே
கம்பத்தில் கட்டிய பெட்டிக்குள்
அவ்வளவுதான் இடம்.
இருநூறு பனிமான்கள், இருநூறு கழுத்துப்பட்டைகள்;
அடுத்து எதன் குரலைக் கேட்பது என்று
அந்தப் பெட்டிதான் முடிவுசெய்ய வேண்டும்.

மரமாகக் கட்டு என்றான் வில்யோ.
ஒவ்வொரு கணுவும்
பெற்றோரின் முகவரியை, இரண்டு பிள்ளைகளின் முகவரியை
மடியில் முடிந்துகொண்டு இருக்கட்டும்.
நடுவில் ஒன்று செத்தால்
நேரே போய் அறுத்தெடுக்கலாம்.

கைசு கணக்குப் போட்டாள்.
மானுக்கு ஐந்து பைட்: ஆயிரம்.
உறவு சொல்லும் சுட்டிகளுக்கு ஆறு: ஆயிரத்து இருநூறு.
உயிரைவிட உறவுக்குச் செலவு அதிகம்.
நூற்றைம்பத்திரண்டு பைட்
பெட்டிக்கு வெளியே பனியில் நிற்கும்.

வரிசையில் நிறுத்தினாள்.
ஏழாம் இடத்தின் பிள்ளைகள்
பதினான்கிலும் பதினைந்திலும்.
எழுதி வைக்க வேண்டாம், இரட்டித்தால் வரும்.
மான்கொம்பு என்கிறோமே,
மானுக்கும் கொம்புக்கும் நடுவே
'உடைய' உட்கார்ந்திருக்கிறதா என்ன?
பதினைந்து வேற்றுமைகளும் வாய்விட்டுப் பேசும் மொழியில்
வளர்ந்தவளுக்கு
அந்த மௌனம் பிடித்திருந்தது.

ஜூனில் நூற்றுப்பதினெட்டாம் மானைக் கரடி கொன்றது.
நீக்க வேண்டும். எங்கே நிற்கிறது?
நின்ற இடமே அடையாளமான ஊரில்
பெயர் சொல்லித் தேட வழியில்லை.
முதல் ஆளிலிருந்து நீயா, நீயா என்று
கேட்டுக்கொண்டே போனது பெட்டி.
ஒரு சாவென்றால் பரவாயில்லை;
பட்டை ஒவ்வொன்றும் தானாகக் கூப்பிடும்போதெல்லாம்
நீயா, நீயா.
மின்கலம் ஐந்து வாரத்தில் வற்றியது.

ஜூலை. இரவு ஒரு மணி. வெயில்.
மின்கலம் மாற்றப் போனவள்
கன்றுகளுக்குக் குறிபோடும் பட்டியருகே நின்றாள்.
வேலியில் சாய்ந்து சும்மா இருந்தான் நீலாஸ்.
கலங்கிய கூட்டம் மெல்லத் தெளிய,
கன்று ஒன்று ஒரு தாயின் விலாவில் போய் ஒட்டியதும்
"அது எங்களுடையது" என்றான்.
பிறகு பிடித்துக் காதை வெட்டினான்.

நிற்கும் இடமே சொல்கிறதே, வெட்டுவானேன்?
கத்தியைப் பாசியில் துடைத்தான்.
"இன்றைக்கு இங்கே நிற்கிறது.
செப்டம்பரில் யார் கூட்டத்திலோ."
கையை உதைத்துவிட்டு ஓடியது கன்று.
சுட்டி.

அன்றே இருநூறு பைட் ஒதுக்கினாள்.
மானுக்கு ஒன்று:
வரிசையில் இப்போது உன் இடம் எத்தனை.
இன்னும் எண்ணூற்று நாற்பத்தெட்டு காலி.

ஆனால் கத்திக்குறி மாறாது;
இந்தக் குறியை
ஒவ்வொரு முறை இடம் மாறும்போதும் திருத்த வேண்டும்.
ஒரே ஒரு வரியில் அதை மறந்திருந்தாள்.
செத்ததின் பெயரில்
உயிருள்ள ஒன்றை நீக்கியது பெட்டி.

மரமென்றால் இப்படி நடந்திருக்காது என்றான் வில்யோ.
மரம் இந்தப் பெட்டிக்குள் நடந்தே இருக்காது என்றாள்,
திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

முப்பத்தொன்றாம் எண், பெண்மான்.
பதினொரு நாள்
ஏரிக்கரையில் மேய்ந்துகொண்டுதான் இருந்தது,
இரண்டு மணிக்கொருமுறை இங்கே இங்கே என்று சொல்லி,
கேட்க யாருமில்லாத காற்றில்.